எட்டுத் தந்தி ஐந்தானபோது

மாண்டலினைக் கையில் வாங்கியதும் முதலில் தெரிவது, அது எவ்வளவு சின்னது என்பதுதான். சென்னையில் இசைக்கருவிகள் பழுதுபார்க்கும் ஒரு சிறிய கடை. சுவரில் மாட்டியிருந்த பழைய மாண்டலின் ஒன்றைக் கடைக்காரர் தூசு தட்டிக் கொடுத்தார். கைக்குழந்தை மாதிரி மடியில் அடங்கியது. எட்டு எஃகுக் கம்பிகள், இரண்டிரண்டாகச் சேர்ந்து நான்கு ஜோடி. ஒரு ஜோடியை அழுத்தி, வீணைக்காரர்கள் இழுப்பதுபோலப் பக்கவாட்டில் இழுத்துப் பார்த்தேன். விரல் நுனியில் கம்பி பதிந்து சிவந்ததுதான் மிச்சம், ஸ்வரம் அசையவில்லை. இன்னும் பலமாக இழுத்தால், ஜோடியில் ஒரு கம்பி ஓர் இடத்திலும் மற்றது வேறோர் இடத்திலும் நின்று இரண்டும் ஒட்டாமல் கேட்டது.

"இதுல பாட்டைத் தட்டிட்டுப் போகலாம் சார். கமகம் கேட்டா எங்க போறது?" என்றார் கடைக்காரர். கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "ஒருத்தர் செஞ்சாரு."

அந்த ஒருத்தர் யார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

உப்பலபு ஸ்ரீநிவாஸ், 1969 பிப்ரவரி 28 அன்று ஆந்திராவின் மேற்கு கோதாவரி மாவட்டத்தில் உள்ள பாலகொல்லுவில் பிறந்தவர். கோதாவரி கடலில் கலக்கும் முன் கிளை கிளையாகப் பிரியும் பூமி அது. வாய்க்கால், வயல், தென்னை, நடுவில் பஞ்சாராமத் தலங்களில் ஒன்றான க்ஷீராராமம் கோயில். அப்பா சத்தியநாராயணா கிளாரினெட் வாசிப்பவர். வீட்டில் ஒரு மாண்டலினும் இருந்தது. ஐந்தாறு வயதில் பையன் அதை எடுத்துத் தானாகவே வாசிக்கத் தொடங்கியபோது, அப்பா அதைப் பிடுங்கி வைக்கவில்லை. புது மாண்டலின் ஒன்றை வாங்கிக் கொடுத்துத் தானே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். சத்தியநாராயணாவின் குருவான ருத்ரராஜு சுப்பராஜு பையன் வாசிப்பதைக் கேட்டார். தானே பாடம் எடுக்க முன்வந்தார்.

இந்த இடத்தில்தான் கதையின் முடிச்சு இருக்கிறது. சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது.

அவர் பாடகர். செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர். பாலக்காட்டுச் சீமையில் பிறந்து, வெண்கலக் குரலாலும் அசையாத ஸ்ருதியாலும் தென்னாட்டையே ஆண்ட செம்பை, 1974-இல் மறைந்தார். ஸ்ரீநிவாஸுக்கு அப்போது ஐந்து வயது. அந்தக் குரலின் பாடாந்தரம் சுப்பராஜு வழியாகக் கோதாவரிக் கரைக்கு வந்து சேர்ந்திருந்தது. ஒரு சிறுவன் கையில் மாண்டலினோடு எதிரே உட்கார, குருவுக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தது வாய்ப்பாட்டு மட்டும். ஆகவே அவர் பாடினார். பையன் அதைக் கம்பியில் தேடினான். பாடமுறை அவ்வளவுதான்.

இசை தெரியாதவர்களுக்கு இது எத்தனை பெரிய விஷயம் என்று கொஞ்சம் விளக்கியாக வேண்டும். மாண்டலின் தெரிந்த ஆசிரியர் ஒருவரிடம் போயிருந்தால், எந்த மெட்டில் எந்த விரல், மேலிருந்து தட்டுவதா கீழிருந்து தட்டுவதா என்றுதான் பாடம் தொடங்கியிருக்கும். கருவிக்கு எது சுலபமோ அது முதலில் வரும். எது முடியாதோ அது "இந்த வாத்தியத்தில் வராது" என்று ஒதுக்கப்படும். அப்படி ஒதுக்கிவைக்கச் சொல்ல சுப்பராஜுவுக்கு வழியே இல்லை. மாண்டலினில் எது வராது என்பது அவருக்குத் தெரியாது. தொண்டையில் வருவதை அவர் பாடினார். எதிரே இருந்த சிறுவனுக்கு, குரு பாடியது எல்லாமே வாசிக்கப்பட வேண்டியது.

இன்னொன்றும் உண்டு. தியாகராஜர் பாடியது தெலுங்கில். சென்னைச் சபாக்களில் பாடுகிறவர்களில் பலருக்கு அந்தச் சொற்கள் மனப்பாடம். பாலகொல்லுப் பையனுக்கோ அது அம்மா பேசும் மொழி. மீட்டுக் கருவி வாசிக்கிறவர்களுக்கு இதில் நேரடியான பயன் உண்டு. சாகித்யத்தின் எழுத்து எங்கே விழுகிறதோ அங்கேதான் மீட்டு விழ வேண்டும். ஒரு சொல்லை நடுவில் உடைத்து மீட்டினால், பாட்டு தெரிந்த ரசிகருக்கு உடனே உறுத்தும். ஸ்ரீநிவாஸின் பதிவுகளைக் கேட்கும்போது கீர்த்தனையின் வரிகள் நம் வாயில் தானாக ஓடுவதற்குக் காரணம் இதுதான் என்பது என் எண்ணம். அவர் ராகத்தை மட்டும் வாசிக்கவில்லை, சொல்லையும் வாசித்தார்.

இனி அந்தக் கடைக்காரர் சொன்ன சிக்கலுக்கு வருவோம்.

கர்நாடக சங்கீதத்தில் ஸ்வரம் என்பது ஒரு புள்ளி அல்ல. தோடியின் காந்தாரத்தை அசைக்காமல் நேராக வைத்துப் பாருங்கள், அது தோடியாகவே இருக்காது. சஹானா முழுக்க வளைவும் குழைவும். இந்த அசைவுதான் கமகம். மாண்டலினோ இத்தாலியில், நேப்பிள்ஸ் பக்கத்தில் வளர்ந்த கருவி. அங்கே அதற்கு இட்ட வேலை வேறு. மெட்டுகள் நெருக்கமாக, அசையாமல் பதிக்கப்பட்டவை. கழுத்து குட்டை. கம்பிகள் இறுக்கமானவை. தட்டியவுடன் ஒலி பளிச்சென்று எழும், அடுத்த நொடியில் அணைந்துவிடும். நீண்ட கார்வை வேண்டுமென்றால், அந்த ஊர்க்காரர்கள் ஒரே ஸ்வரத்தைப் படபடவென்று விடாமல் தட்டுவார்கள். நம் சினிமாப் பாட்டுகளில் மாண்டலின் வரும்போது சில்லென்று சிலிர்க்குமே, அது இதுதான். கதனகுதூகலம் மாதிரித் துள்ளி ஓடும் ராகம் என்றால் இந்தக் கருவிக்குக் கொண்டாட்டம். பட்டணம் சுப்பிரமணிய ஐயரின் 'ரகுவம்ஸ சுதா'வை ஸ்ரீநிவாஸ் வாசித்த கேசட் ஓடாத தெரு எண்பதுகளில் குறைவு. ஆனால் கதனகுதூகலத்தை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரக் கச்சேரி செய்ய முடியாது. தோடி வேண்டும், காம்போஜி வேண்டும், சஹானா வேண்டும்.

ஸ்ரீநிவாஸ் கண்ட வழி, கேட்கும்போது எளிமையாகத்தான் இருக்கும். ஜோடிக் கம்பிகளை எடுத்துவிட்டார். எட்டுத் தந்தி போய், ஒற்றை ஒற்றையாக ஐந்து தந்தி ஆனது. ஒற்றைக் கம்பியை இழுத்தால் அது மட்டும் அசையும், பக்கத்தில் முரண்டு பிடிக்கத் துணைக்கம்பி கிடையாது. மரத்தின் வயிற்று அறைக்குப் பதிலாக மின்சாரத்தின் உதவியை எடுத்துக்கொண்டார். ஒலிபெருக்கியோடு சேர்ந்த எலெக்ட்ரிக் மாண்டலினில் நாதம் இன்னும் கொஞ்ச நேரம் உயிரோடு நிற்கும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் விரல் சறுக்கி, இழுத்து, அசைத்து, குரலில் வருவதுபோல ஒரு பிடியை முடித்துவிடலாம். சில சமயம் ஒரே மீட்டில் நாலைந்து ஸ்வரங்கள் வரும். வலது கை சும்மா இருக்கும், இடது கை மட்டும் பாடிக்கொண்டிருக்கும்.

கருவியை மாற்ற வேண்டும் என்ற எண்ணம் கருவியிலிருந்து வரவில்லை. சுப்பராஜுவின் தொண்டையிலிருந்து வந்தது. குரு பாடியது கையில் வரவில்லையே என்ற தவிப்பு இல்லாதவனுக்கு, இருக்கிற எட்டுக் கம்பியே போதும்.

1978-இல் குடிவாடாவில் தியாகராஜ ஆராதனை உற்சவம். ஒன்பது வயதில் அங்கே முதல் கச்சேரி. மூன்று வருடம் கழித்து, 1981 டிசம்பர் சீசனில் சென்னை இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியில் வாசித்தபோது வயது பன்னிரண்டு.

அந்த மேடை என்ன கேட்டிருக்கும் என்பதை சீசன் ரசிகர்கள் அறிவார்கள். மார்கழிச் சென்னை சிறுவர்களை அன்போடு வரவேற்கும் ஊர்தான். இரண்டு வயதில் ராகங்களை அடையாளம் சொல்லி வித்வான்களை வியக்கவைத்த ரவிகிரணைக் கண்ட ஊர். ஆனால் கருவி விஷயத்தில் அது எளிதில் இறங்கி வராது. மெல்லிசைக் குழுவில் கேட்டுப் பழகிய மாண்டலின், அதுவும் மின்சாரம் ஏற்றிய மாண்டலின், சபா மேடையின் நடுவில் உட்கார்ந்து ராகம் பாட வேண்டும் என்றால், முன்வரிசை முகங்கள் முதலில் கேட்பது ஒன்றைத்தான். கமகம் வருமா? அந்தக் கேள்வியை நான் குறை சொல்லமாட்டேன். இந்த இசையைக் காப்பாற்றி வைத்திருப்பதே அந்தக் கேள்விதான். பையன் பதிலை வாயால் சொல்லவில்லை.

வயலின் இங்கே வேரூன்றிய கதையை நினைத்தால் இதன் வேகம் புரியும். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய வயலினைக் கற்று நம் இசைக்குப் பழக்கியது ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு அதை வளர்த்தார். பல தலைமுறை கைமாறித்தான், வயலின் இல்லாமல் கச்சேரி இல்லை என்ற நிலை வந்தது. கிளாரினெட்டுக்கு ஏ.கே.சி. நடராஜன் தன் ஆயுளைக் கொடுத்தார். சாக்ஸபோனைப் பணியவைக்கக் கத்ரி கோபால்நாத் ஆண்டுக்கணக்கில் போராடினார். மாண்டலினுக்கு அந்த வேலையெல்லாம் ஒரு சிறுவனின் பள்ளிப் பருவத்துக்குள் நடந்து முடிந்துவிட்டது. பதினைந்தாவது வயதில் தமிழக அரசின் ஆஸ்தான வித்வான் ஆனார். இந்த வயதுக் கணக்குகளைச் சொல்லிச் சொல்லியே நாம் அவரைக் 'குழந்தை மேதை' என்ற சட்டத்துக்குள் மாட்டிவிட்டோம். மேதை என்று சொல்லிவிட்டால் உழைப்பைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. ஒரு பாடகர் தினம் தினம் உட்கார்ந்து பாடியதும், ஒரு தகப்பன் தன் கிளாரினெட்டை ஓரம் வைத்துவிட்டு மகனின் வழியோடு நடந்ததும், எஃகுக் கம்பியில் பிஞ்சு விரல்கள் காய்த்துப்போனதும் அந்த ஒரு சொல்லில் மறைந்துவிடுகின்றன.

1983-இல் பெர்லின் ஜாஸ் விழா. பெர்லின் நகரத்தை அப்போது சுவர் இரண்டாகப் பிரித்திருந்தது. மேற்குப் பக்கத்தில் நடந்த விழாவுக்கு, பதினான்கு வயது ஸ்ரீநிவாஸ் போனார். ஜாஸ் ரசிகர்கள் கூடிய அரங்கு. தியாகராஜர் யார் என்று தெரியாத, ராகத்தின் பெயர் கேட்டறியாத, ஒரு சொல்லும் புரியாத கூட்டம். வாசித்து முடித்த பிறகும் கைதட்டல் ஓயவில்லை. இன்னும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள்.

இந்தக் கச்சேரியைப் பற்றி நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. சென்னை ரசிகரிடம் கீர்த்தனை பாதி வேலையைச் செய்துவிடும். அவருக்குப் பாட்டு தெரியும், பாடியவர்களின் நினைவு இருக்கும், பக்தி இருக்கும். பெர்லினில் இந்த ஊன்றுகோல் எதுவும் கிடையாது. அங்கே நின்றது நாதம் மட்டும். அந்த அரங்குக்காக அவர் தன் இசையை ஜாஸாக மாற்றிக்கொண்டு போகவில்லை. குரு பாடிக்காட்டியதையே எடுத்துப் போனார். ஜாஸ்காரர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும், கருவி பாட வேண்டும். ஊதினாலும் மீட்டினாலும் அதில் ஒரு மனிதக் குரல் கேட்க வேண்டும். கம்பியில் குரலைக் கேட்டதும் அவர்களுக்கு மொழி தேவைப்படவில்லை என்றே நான் நம்புகிறேன்.

அதற்குப் பிறகு உலகம் அவருக்குப் பழகிய பாதையானது. ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று அரங்குகள் மாறிக்கொண்டே இருந்தன. 1992-இல் பார்சிலோனா ஒலிம்பிக்ஸை ஒட்டிய கலைவிழாவிலும் வாசித்தார். இந்தப் பட்டியல் முழுவதையும் எழுதிக்கொண்டு போவதில் எனக்கு ஆர்வமில்லை. இரண்டு சந்திப்புகளை மட்டும் சொல்ல வேண்டும், இரண்டுமே அந்த எட்டுத் தந்திச் சிக்கலோடு தொடர்புடையவை.

முதலாவது, மைக்கேல் புரூக். கனடாக்காரர், கிதார் கலைஞர், ஒலிப்பதிவில் கைதேர்ந்தவர். தட்டிய ஸ்வரம் அணைந்துபோகிறதே என்ற குறை அவருக்கும் இருந்திருக்கிறது. நாம் நிறுத்தும்வரை ஸ்வரம் நின்று ஒலித்துக்கொண்டே இருக்கும்படி ஒரு கிதாரை உருவாக்கி, அதற்கு 'இன்ஃபினிட் கிதார்' என்று பெயர் வைத்தவர். 1995-இல் பீட்டர் கேப்ரியலின் ரியல் வேர்ல்டு நிறுவனம் வெளியிட்ட 'ட்ரீம்' ஆல்பத்தில் புரூக்கும் ஸ்ரீநிவாஸும் சேர்ந்தார்கள். ஒருவர் அணையாத ஸ்வரத்தை விரிக்கிறார், மற்றவர் அதன் மேல் கமகத்தால் கோலம் போடுகிறார். மீட்டுக் கருவியின் ஒரே குறைக்கு உலகின் இரண்டு மூலைகளில் இரண்டு பேர் தனித்தனியாக மருந்து தேடி, கடைசியில் ஒரே அறையில் வந்து உட்கார்ந்தார்கள். அந்த ஆல்பத்தை இரவில், விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

இரண்டாவது, ஜான் மெக்லாக்லின். ஆங்கிலேய ஜாஸ் கிதார் மேதை. எழுபதுகளில் தபலா ஜாகிர் உசேன், வயலின் எல். சங்கர், கடம் விக்கு விநாயக்ராம் ஆகியோரோடு 'சக்தி' குழுவை நடத்தியவர். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர். கமகம் வேண்டும் என்பதற்காக, மெட்டுகளுக்கு நடுவில் இருக்கும் மரத்தைக் குழியாகச் செதுக்கிய கிதாரைச் செய்வித்துக்கொண்டவர். குழி இருந்தால் விரல் கம்பியை இழுக்க, அமுக்கத் தடையில்லை. லண்டன் மேடைகளிலிருந்து வந்தவர் மரத்தைக் குடைந்தார். பாலகொல்லுவிலிருந்து வந்தவர் தந்தியைக் குறைத்தார். இருவரும் தேடியது ஒன்றையே.

1997-இல் 'ரிமெம்பர் சக்தி' என்ற பெயரில் அந்தக் குழு மறுபடியும் உயிர்பெற்றது. பழைய குழுவில் வயலின் இருந்த இடத்துக்குப் பிறகு ஸ்ரீநிவாஸின் மாண்டலின் வந்தது. விக்குவின் மகன் செல்வகணேஷ் கஞ்சிராவோடு சேர்ந்தார். பின்னர் சங்கர் மகாதேவன் குரலோடு சேர்ந்தார். 'தி பிலீவர்', 'சாட்டர்டே நைட் இன் பாம்பே' பதிவுகளில் கிதாரும் மாண்டலினும் ஸ்வரம் சொல்லிப் பரிமாறிக்கொள்ளும் இடங்களைக் கேளுங்கள். எட்டு ஆவர்த்தனம், நாலு, இரண்டு, ஒன்று என்று குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் இரண்டும் கைகோத்து ஓடும். வயலின்காரரோடு சபாவில் நடக்கும் அதே குறைப்புதான் அது. ஆங்கிலேயரோடு நடக்கிறது, உலக அரங்கில் நடக்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு. அந்த வீடியோக்களில் ஸ்ரீநிவாஸின் முகத்தைப் பாருங்கள். கை மின்னல் வேகத்தில் ஓடும், முகத்தில் மட்டும் சின்னப் பிள்ளையின் புன்னகை. மெக்லாக்லின் ஒரு பிடியை வீசியதும் அந்தப் புன்னகை இன்னும் விரியும்.

வெளிநாட்டில் எத்தனை நாள் இருந்தாலும் சீசனுக்கு இங்கே வந்துவிடுவார். இங்கே அவருக்குப் பக்கவாத்தியமாகத் தவிலும் இருக்கும். ஹரித்வாரமங்கலம் ஏ.கே. பழனிவேல் அவரோடு வாசித்த கச்சேரிகளை மறக்க முடியாது. கோயில் வீதியில் திறந்தவெளியில் முழங்கப் பிறந்தது தவில், மடியில் அடங்குவது மாண்டலின். காகிதத்தில் எழுதினால் ஒட்டாத ஜோடி. மேடையில் தவில் அடங்கி வழிவிடும், மாண்டலின் நாகஸ்வரமாக எழும்பும். நாகஸ்வரத்தின் அந்த அகன்ற பிடிகளை ஐந்து தந்தியில் கொண்டுவந்தவருக்குத் தவிலைப் பக்கத்தில் உட்காரவைக்கத் தோன்றியதில் வியப்பில்லை.

1998-இல் பத்மஸ்ரீ. 2009-க்கான சங்கீத நாடக அகாடமி விருது. 2014 செப்டம்பர் 19 அன்று, கல்லீரல் மாற்று அறுவைசிகிச்சைக்குப் பிறகு சென்னை மருத்துவமனையில் இருந்தவர் மறைந்தார். வயது 45. பெரும்பாலான வித்வான்களுக்கு வாசிப்பு கனிய ஆரம்பிக்கும் வயது. முப்பத்தாறு வருட மேடை அனுபவம் அதற்குள் அவருக்கு முடிந்திருந்தது. செய்தி வந்த அன்று இரவு, எங்கள் வீட்டில் யாரும் டிவி போடவில்லை. பழைய கேசட் ஒன்றைத் தேடி எடுத்தோம். நாடா சிக்கிக்கொண்டது, பென்சிலைச் சொருகிச் சுற்றி மறுபடி போட்டோம்.

அவர் இல்லாமல் 'சக்தி' 2023-இல் 'திஸ் மொமென்ட்' ஆல்பத்தை வெளியிட்டது, 2024-இல் அதற்குக் கிராமி கிடைத்தது. அந்த மேடையில் அவரும் நின்றிருக்க வேண்டும் என்று நினைக்காத கர்நாடக இசை ரசிகர் இருக்கமாட்டார். தம்பி ராஜேஷ் அண்ணனிடமே கற்றவர், இன்று உலகெங்கும் வாசிக்கிறார். சீடர்கள் பலர் இருக்கிறார்கள், அவர்களுக்கும் சீடர்கள் வந்துவிட்டார்கள்.

அப்படி ஒரு வகுப்பைப் போய்ப் பார்த்தேன். சென்னையில் ஓர் அடுக்குமாடி வீட்டின் வரவேற்பறை, கீழே விரித்த ஜமுக்காளம். எட்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று ஐந்து தந்தி மாண்டலினை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. விரல் நுனிகளில் சிவப்புக் கோடு. சஹானாவில் ஒரு சின்னப் பிடி. இரண்டு தடவை வாசித்தாள். ஸ்வரங்கள் எல்லாம் சரியாகத்தான் இருந்தன, சஹானா மட்டும் வரவில்லை.

"வாத்தியத்தைக் கீழ வைம்மா" என்றார் ஆசிரியர். "பாடு."

குழந்தை தயங்கிப் பாடியது. கீச்சுக் குரல். நடுவில் ஓர் இடத்தில், ரிஷபத்துக்கு இறங்கும்போது, குரல் தானாகக் குழைந்தது.

"அங்க என்ன பண்ணின?"

"தெரியல சார்."

"இன்னொரு தரம் பாடு. அப்புறம் அந்த இடத்தை மட்டும் கம்பில தேடு."

அவள் பாடினாள். மாண்டலினை எடுத்தாள். கம்பியை அழுத்தி, கண்ணை மூடி, மெதுவாக இழுத்தாள்.